பதிவேட்டில் நம் பிள்ளைகளும் வேண்டும்

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களில் பல பிள்ளைகளைக் காப்பாற்ற இன்னொருவரின் ஸ்டெம் செல் தேவைப்படுகிறது. இதற்கு ரத்த வகை ஒத்துப்போக வேண்டியதில்லை, எச்.எல்.ஏ. எனப்படும் மரபு அடையாளம் பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவரிடம் அது பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். அங்கே கிடைக்காவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் பெயர் கொடுத்திருக்கும் பதிவேட்டில் தேட வேண்டும்.

அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் யார் என்பதே நம் கேள்வி.

2009இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி என்ற தொண்டு நிறுவனத்தின் பதிவேட்டில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் உள்ளனர். 140 கோடி மக்களுக்கு இது போதாது. பொருத்தமோ பெரும்பாலும் ஒரே வம்சாவளியினரிடம்தான் அமைகிறது. ரத்தத்தில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால், சாதி மாறி மணந்ததற்காக உடுமலை சங்கரை 2016இல் நடுத்தெருவில் வெட்டிக்கொன்ற மண் இது. நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததன் விளைவு மரபணுவிலும் படிந்திருக்கிறது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்குப் பொருத்தமானவர் அருந்ததியர் குடியிருப்பிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே பதிவு முகாம் நடக்காவிட்டால் அவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் 2014இல் வெளியான ஆய்வின்படி, முழுப் பொருத்தமுள்ள கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு 75 சதவீதம்; ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு 19 சதவீதம். அங்கே 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொடையாளர் பதிவேட்டுக்கும் பொதுத் தொப்புள்கொடி ரத்த வங்கிகளுக்கும் அரசு நிதி தருகிறது. தொப்புள்கொடி ரத்தம் முழுமையாகப் பொருந்தாவிட்டாலும் பயன்படும். பதிவேட்டில் ஆள் குறைவாக உள்ள சமூகங்களுக்கு அது பெரிய உதவி. நம் அரசு மருத்துவமனைகளிலோ அது பெரும்பாலும் நஞ்சுக்கொடியோடு கழிவாகப் போகிறது.

நம் அரசுகள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு உதவி உண்டு. கோல் இந்தியா நிதியில் 2017இல் தொடங்கிய திட்டம் தலசீமியா பிள்ளைகளுக்கு ரூ.10 லட்சம் வரை தருகிறது. ஆனால், சிகிச்சைக்குப் பணம் இருந்தும் கொடையாளர் இல்லையென்றால் என்ன பயன்?

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான நிதியை முறையாக ஒதுக்கிச் செலவிட 2024இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அந்த நிதியில் ஒரு பங்கை எச்.எல்.ஏ. பரிசோதனைக்கும் பொதுத் தொப்புள்கொடி வங்கிக்கும் ஒதுக்க வேண்டும். அவிநாசி அரசுக் கல்லூரியிலும், ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் முகாம் நடத்த வேண்டும்.

மாணவர்கள் பயப்பட வேண்டாம். 18 வயது நிறைந்திருந்தால் பதியலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுப்பார்கள், அவ்வளவுதான். பொருத்தம் வந்தால் சில நாள் ஊசி போட்டு, பெரும்பாலும் கை நரம்பு வழியாகவே சில மணி நேரத்தில் செல்களைப் பிரித்தெடுப்பார்கள். முதுகெலும்பைத் தொடுவதில்லை.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக் கேட்டுத்தான் 2024இல் அத்திக்கடவுத் தண்ணீர் நம் குளங்களுக்கு வந்தது. அடுத்த கிராம சபையில் இதையும் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம்.