டிராக்டர் பேட்டரியைச் சோலார் வேலிக்குக் கட்டலாமா?

இயற்கை வேளாண்மைத் தோட்டங்களில் இன்று பேட்டரிக்கு வேலை கூடிவிட்டது. டிராக்டரைக் கிளப்ப ஒன்று, காட்டுப்பன்றியைத் தடுக்கும் சோலார் வேலிக்கு ஒன்று, பூச்சிகளை ஈர்க்கும் விளக்குப்பொறிக்கு ஒன்று. "எல்லாம் 12 வோல்ட்தானே, எதை எதுக்குப் போட்டா என்ன?" என்று நம்மில் பலர் மாற்றிக் கட்டிவிடுகிறோம். சில மாதத்தில் பேட்டரி போய்விடுகிறது. அது செத்த ராத்திரியில் பன்றிக் கூட்டம் நுழைந்தால் கடலைக்காட்டின் கதி நமக்குத் தெரியும்.

வோல்ட் ஒன்றாக இருக்கலாம், உள்ளே இருக்கும் தகடு வேறு. வாடிவாசலில் சீறிப் பாயும் காளையும் நாள் முழுக்க ஏர் இழுக்கும் மாடும் ஒன்றாகுமா? அதுபோலத்தான் இதுவும்.

வண்டி பேட்டரி

செல்ஃப் மோட்டார் சுற்றச் சில நொடிகளுக்குப் பெரிய மின்னோட்டம் வேண்டும். அதற்காக வண்டி பேட்டரிக்குள் மெல்லிய ஈயத்தகடுகளை நிறைய அடுக்கியிருப்பார்கள். டிராக்டர் செல்ஃப் 200 ஆம்பியர் வீதம் 5 நொடி இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் செலவானது 0.28 ஏ.ஹெச்.தான். என்ஜின் ஓடத் தொடங்கியதும் டைனமோ அதை நிரப்பிவிடும். ஆக, இந்த பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டியது. தினமும் ஆழமாக இறக்கினால், மெல்லிய தகட்டில் இருக்கும் ஈயப்பூச்சு உதிரும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, அப்புறம் சார்ஜே ஏறாது.

டீப் சைக்கிள் பேட்டரி

இதில் தகடுகள் தடிமனானவை. நம்ம ஊர்க் கடைகளில் 'டியூபுலர்' என்று கேட்டால் கிடைக்கும். இதில் நேர்மின் தகட்டின் ஈயப்பொருளைக் குழாய் போன்ற உறைகளுக்குள் அடைத்திருப்பதால் சீக்கிரம் உதிராது. கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் கொடுக்கும். இறக்கி ஏற்றுவதைப் பல நூறு முறை தாங்கும். வேலி, விளக்குப்பொறி, மோட்டார் கொட்டகை விளக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் சரி.

அப்படியானால் டிராக்டருக்கும் டியூபுலரே போடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரேயடியாக அவ்வளவு மின்னோட்டத்தை அது கொடுக்கத் திணறும். உயரமும் எடையும் அதிகம். வண்டியின் குலுக்கலும் அதற்கு ஆகாது.

எவ்வளவு ஏ.ஹெச். வேண்டும்?

வேலிக் கருவியும் ஒரு சின்ன விளக்கும் சேர்ந்து 12 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் அது 1 ஆம்பியர். ராத்திரி 12 மணி நேரத்துக்கு 12 ஏ.ஹெச். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெயில் வராவிட்டால் 36 ஏ.ஹெச். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் ஆயுள் கூடும். ஆகவே 75 ஏ.ஹெச். வாங்கலாம். அதை நிரப்ப 75 முதல் 100 வாட் வரை சோலார் தகடு வேண்டும். இடையில் சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். உங்கள் கருவியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து இதேபோலக் கணக்குப் போடுங்கள்.

கடையில் 'சி10', 'சி20' என்ற எழுத்தையும் பாருங்கள். 10 மணி நேரத்தில் இறக்கி அளந்தது சி10. 20 மணி நேரத்தில் அளந்தது சி20. மெதுவாக இறக்கினால் எண் கூடுதலாகத் தெரியும். ஆகவே சி10-ஐ சி10-உடன் மட்டும் ஒப்பிட்டு விலை பேசுங்கள்.

சந்தைக்கு வண்டி கொண்டுபோகிறவர்களுக்கு

வண்டியிலேயே காய்கறி வைத்து விற்கிறவர்கள் விளக்கையும் மின்விசிறியையும் வண்டி பேட்டரியில் மாட்டுகிறார்கள். கடை கட்டும் நேரத்தில் வண்டி கிளம்பாது. சின்ன டீப் சைக்கிள் பேட்டரி ஒன்றைத் தனியாக வைத்து, நல்ல எலக்ட்ரீஷியனிடம் ஐசோலேட்டர் போடச் சொல்லுங்கள். வண்டி ஓடும்போது இரண்டும் ஏறும். நிற்கும்போது வண்டி பேட்டரி இறங்காது.

பராமரிப்பு

சார்ஜ் ஏறி முடிந்து இரண்டு மூன்று மணி நேரம் சும்மா விட்டபின் மீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் வேண்டாம், போர்த் தண்ணீரும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

முடிந்துபோன பேட்டரியை வரப்போரம் போட்டுவிடாதீர்கள். ஈயம் மக்குவதில்லை, மண்ணில் கலந்தால் தலைமுறைக்கும் அங்கேயே கிடக்கும். பழசைக் கடையில் கொடுத்தால் புதுசின் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைக் குப்பையில் சேர்க்கக் கூடாது என்றே சொல்கின்றன. ரசாயனம் படாமல் காத்த மண்ணில் ஈயம் கலக்க விடலாமா?