அயலவர் நோன்பும் நம் அடக்கமும்

நோன்பு என்பது தமிழில் மிகப் பழைய சொல். சைவர் கந்தசஷ்டி நோன்பு நோற்கின்றனர். இஸ்லாமியர் றமழான் நோன்பு நோற்கின்றனர். கத்தோலிக்கர் தவக்காலம் அனுட்டிக்கின்றனர். அத்தவக்காலத்தின் முதல் நாளில் அவர்கள் நெற்றியில் சாம்பல் தரிப்பர். அந்நாளை நம் நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் விபூதிப் புதன் என்றும் திருநீற்றுப் புதன் என்றும் வழங்குகின்றனர். சமயங்கள் வேறாயினும், தவத்துக்குரிய சொற்களைத் தமிழ்த்தாய் எல்லோர்க்கும் பொதுவாகவே வைத்திருக்கின்றாள்.

சொல்லில் மட்டுமன்றிக் காலத்திலும் இவ்வுறவு உண்டு. பங்குனி உத்திரம் நிறைமதியை ஒட்டி வருவது. வசந்தகாலத்தில் இரவும் பகலும் ஒத்திருக்கும் நாளைத் தொடரும் நிறைமதிக்குப் பின்வரும் ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. வெசாக் முழுமதித் திருநாள். றமழான் பிறை கண்டு தொடங்குவது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்ததாகலின், றமழான் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி வந்துவிடுகின்றது. ஆகவே சில ஆண்டுகளில் நோன்புகள் பல ஒருங்கே வந்து கூடும். 2026-ஆம் ஆண்டில் மகாசிவராத்திரி, விபூதிப் புதன், றமழான் தொடக்கம் ஆகிய மூன்றும் பெப்ரவரி மாதத்தின் ஒரே வாரத்தில் அமைந்துள்ளன.

இக்கூட்டத்தைக் கண்ணாற் காண விரும்புவோர் கொழும்பின் வடபாகத்துக்குச் செல்லவேண்டும். கொச்சிக்கடையில் கருங்கல்லால் எழுந்து நிற்பது பொன்னம்பலவாணேசுவரர் திருக்கோயில். அதற்கு அணித்தாகவே புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளது. சிறிது தூரம் நடந்தால் கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராம விகாரையும் புனித லூசியா பேராலயமும். மறுபக்கம் திரும்பினால் புறக்கோட்டையில் சிவந்த நிறத்துப் பள்ளிவாசல். ஒரு மாலைப்பொழுதில் நடந்து முடிக்கத்தக்க இவ்வெல்லைக்குள் நான்கு சமயத்தாரின் மணியோசையும் முரசொலியும் பாங்கொலியும் மாறி மாறிக் கேட்கின்றன.

இங்கு வாழ்ந்த பெரியோர் சிலர் பிற சமயங்களை அன்போடு கற்றவர்கள். பொன்னம்பல முதலியார் 1857-இல் அமைத்த சிவன் கோயிலை, 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கியவர் அவர்தம் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அப்பெருமகனாரே மத்தேயு, யோவான் ஆகியோர் எழுதிய சுவிசேடங்களுக்கு, ஸ்ரீ பரானந்த என்னும் பெயரால், முறையே 1898-இலும் 1902-இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரைகள் வெளியிட்டார். சிவனுக்குக் கற்றளி எடுத்தவர் இயேசுநாதரின் வாக்குக்கு உரை கண்டார். தம் சமயத்தில் ஆழ வேரூன்றியவர் பிறர் சமயத்தைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

சிக்காகோ மாநாட்டில் 1893-ஆம் ஆண்டு முழங்கிய சுவாமி விவேகானந்தர், 1897-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் திகதி கொழும்பில் வந்திறங்கினார். பிற மதங்களைப் பொறுத்துக்கொண்டால் மட்டும் போதாது, அவற்றை மெய்யென ஏற்றலும் வேண்டும் என்பது அவர் உலகுக்கு உரைத்த செய்தி. அவர் பெயரால் 1902-இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனையில்தான் இருக்கின்றது. அவர் மரபில் வந்த இராமகிருஷ்ண மடங்களில் திசம்பர் 24-ஆம் திகதி மாலை இயேசுநாதர் வழிபாடு நடைபெறும் வழக்கமும் உண்டு.

இவையனைத்தும் போற்றத்தக்கவையே. ஆயினும், கோயில்கள் அருகருகே நிற்பதும் சான்றோர் நூல் எழுதுவதும் ஓர் ஊரின் அமைதிக்குப் போதுமா? போதா என்கின்றது இவ்வூரின் வரலாறு.

1883-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று கொட்டாஞ்சேனை விகாரையில் நிகழ்ந்த புண்ணிய விழாவுக்குப் பௌத்தர் ஊர்வலமாக வந்தனர். பேராலயம் அணித்தே உள்ளது. கத்தோலிக்கருக்கு அஃது ஆண்டின் தலையாய திருநாள். ஊர்வலத்தார்க்கும் தம் விழா தலையாயதே. இரு சாராரும் எதிர்ப்பட்டனர், பெருங்கலகம் மூண்டது. ஓர் உயிர் மாய்ந்தது, பலர் காயமுற்றனர். நாள் புனிதமானது, நோக்கமும் புனிதமானது. கையில் மட்டும் கல்லும் தடியும் இருந்தன.

அக்கலகத்தின் பின் பௌத்தர் தம் உரிமைகளை முறையிடலாயினர். கேணல் ஒல்கொட் 1884-இல் இலண்டன் சென்று அரசினரிடம் வாதாடினார். அடுத்த ஆண்டில் வெசாக் நாள் பொது விடுமுறையாயிற்று. பௌத்தக் கொடி அவ்வாண்டு ஏப்பிரல் 28-ஆம் திகதி முதன்முதலாக ஏற்றப்பட்டதும் அதே கொட்டாஞ்சேனை விகாரையிற்றான். ஒருவர் திருநாளுக்கு ஊர் முழுவதும் ஓய்ந்து இடங்கொடுக்கவேண்டும் என்பதே அவ்விடுமுறையின் உட்பொருள். இன்று நம் நாட்டு நாட்காட்டியில் நான்கு சமயத்தார் திருநாள்களும் விடுமுறையாக இருப்பதை நாம் பள்ளி செல்லாத நாளென்றே எண்ணிவிடுகின்றோம். அயலவர்க்கு வழிவிடும் நாளென எண்ணுவதில்லை.

இங்குத்தான் அடக்கம் என்னும் அறம் வந்து நிற்கின்றது. பிற சமயத்தை ஏற்றல் உள்ளத்தின் பண்பு. அடக்கமோ செயலின் பண்பு. அயலவர் துக்கிக்கும்போது நம் முழவைத் தாழ்த்துவதும், அவர் பட்டினியிருக்கும்போது நம் விருந்தைப் பறைசாற்றாதிருப்பதும், அவர் வீதியில் வரும்போது நாம் ஒதுங்கி நிற்பதும் அடக்கத்தின்பாற்பட்டன. விழாவிற் கலந்து உண்பது எளிது; விலகி நின்று வழிவிடுவது அரிது.

136 ஆண்டுகளின் பின் மற்றோர் உயிர்த்த ஞாயிறு வந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21. சித்திரைப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. நாற்பது நாள் தவமிருந்து திருப்பலிக்கு வந்தோர் நிறைந்திருந்த கொச்சிக்கடைத் திருத்தலத்தில் காலை 8.45 மணியளவிற் குண்டு வெடித்தது. நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் தாக்கப்பட்டன; கொழும்பில் விடுதிகளும் தாக்கப்பட்டன. அன்று 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இது 1883-ஐப் போன்ற அயலவர் பூசல் அன்று. திட்டமிட்டுச் செய்த கொலை. ஆயினும் அதனைத் தொடர்ந்த வாரங்கள் அயலவரைச் சோதித்தன.

மே மாதத்தின் முதல் வாரத்தில் றமழான் தொடங்கிற்று. கொலையாளிகளோடு எத்தொடர்பும் அற்ற முஸ்லிம் குடும்பங்கள் அஞ்சி அஞ்சி நோன்பு நோற்றன. மே 13-ஆம் திகதி வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடக்கத்தைக் கைவிட்டோர் அவர்கள். அக்காலையில், மிகப் பெரிய இழப்பையுற்ற சமூகத்தின் தலைவரான கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முஸ்லிம்கள் மீது கைவைக்கலாகாது எனத் தம் மக்களை வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்த்து, இறந்தோரைப் புதைத்த கையைக் கூப்பிய கையாகவே வைத்திருந்த குடும்பங்கள் பல. தவக்காலத்து உபவாசம் முடிந்த பின்னர் அவர்கள் நோற்ற நோன்பு அது; வயிறு நோற்றதினும் கடினமானது. கடற்படையினர் புதுக்கிய திருத்தலம் யூன் 12-ஆம் திகதி மீளத் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.

இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் அத்திருத்தலத்துக்குச் சைவரும் பௌத்தரும் சென்று மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். நன்று. ஆனால் நம் தேவைக்கு வரங்கேட்டுச் செல்வது ஒன்று. அவர்தம் துக்கத்தையும் தவத்தையும் அறிந்து நடத்தல் மற்றொன்று. முன்னையது நம் பொருட்டு. பின்னையதே அவர் பொருட்டு.

இல்லத்தரசியரும் இளைஞரும் இதனை எளிதிற் பயிலலாம். வீட்டு நாட்காட்டியில் அயல்வீட்டார் நோன்பு நாள்களையும் குறித்து வைக்கலாம். பெரிய வெள்ளியன்று நம் இல்லத்து மங்கல நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி கட்டாதிருக்கலாம். றமழானில் உடன் பயிலும் மாணவன் நோன்பிருந்து அமர்ந்திருக்கையில், அவன் எதிரே சிற்றுண்டிப் பொதியை அவிழ்க்காதிருக்கலாம். மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறிக்குமுன், யார் யார் நோன்பிருப்பர் என வினவலாம். நம் பிள்ளைகள் சிவராத்திரியில் ஏன் கண்விழிக்கின்றனர் என அயலவர் கேட்டால், நயமாக விளக்கலாம். இவற்றுக்குப் பொருட்செலவில்லை, மேடை வேண்டா, மாலையும் வேண்டா.

எம்மதமும் சம்மதம் என நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கின்றோம். சொல்லுதல் யார்க்கும் எளிது. அச்சம்மதம் நாவில் உள்ளதா, நடையில் உள்ளதா என்பதை அயலவர் நோன்பு நாள்களே அளந்து காட்டும். நம் நோன்பு நம்மைத் தூய்மை செய்கின்றது; அயலவர் நோன்பைப் பேணும் அடக்கம் நாம் வாழும் தெருவைக் காக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே நோற்கும் இல்லங்கள் பெருகுமாக.