எலக்ட்ரானுக்காக ஒரு பட்டிமன்றம்!

குட்டீஸ், உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது நூல் மில்லில் வேலை பார்க்கிறார்களா? குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் பக்கம் என்றால் கட்டாயம் ஒருவராவது இருப்பார். அவரிடம், “ஓடுகிற ஸ்பிண்டிலின் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள்.

நூலை முறுக்கும் ஸ்பிண்டில், நிமிடத்துக்கு 15,000 தடவைக்கு மேலும் சுழலும். வெறும் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். இதற்காகவே ‘ஸ்ட்ரோபாஸ்கோப்’ என்று ஒரு விளக்கு இருக்கிறது. விட்டு விட்டு மின்னும் விளக்கு இது. ஸ்பிண்டில் ஒரு சுற்று முடிக்கும் போதெல்லாம் ஒரு மின்னல் விழும்படி வைத்தால், ஓடும் ஸ்பிண்டில் அப்படியே நிற்பது போலத் தெரியும்!

இதில் ஒரு ரகசியம் உண்டு. பொருள் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, மின்னலும் அவ்வளவு குட்டியாக இருக்க வேண்டும். அப்படியானால், அணுவுக்குள் ஓடும் எலக்ட்ரானைப் பார்க்க எவ்வளவு குட்டி மின்னல் வேண்டும்?

ஆட்டோ இல்லை, அட்டோ!

அதற்கு ‘அட்டோசெகண்ட்’ மின்னல் வேண்டும். மூன்று சக்கர ஆட்டோவை நினைத்துவிடாதீர்கள்! டேனிஷ் மொழியில் ‘அட்டன்’ என்றால் 18. ஒன்று போட்டு, பக்கத்தில் 18 பூஜ்யம் போடுங்கள். ஒரு செகண்டை அத்தனை துண்டாக்கினால், ஒரு துண்டுதான் அட்டோசெகண்ட். அந்தத் துண்டுகளை, செகண்டுக்கு ஒன்று வீதம் எண்ணினால் சுமார் 3,170 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்!

இதற்கு வழி காட்டியவர் ஆன் லூலியே என்ற பெண் விஞ்ஞானி. 1987ல் பிரான்சில், ஆர்கான் வாயுவுக்குள் லேசர் ஒளியைச் செலுத்தினார். வீணைத் தந்தியை மீட்டினால், முக்கிய ஒலியோடு மெல்லிய துணை ஒலிகளும் எழுமில்லையா? அதுபோல, புதுப்புது ஒளி அலைகள் வெளிவந்தன. அவற்றைச் சரியாகச் சேர்த்தால் மிகக் குட்டியான மின்னல் கிடைக்கும். 2001ல் பியர் அகோஸ்தினி 250 அட்டோசெகண்ட் மின்னல்களை வரிசையாக உருவாக்கினார். அதே ஆண்டில் ஃபெரென்ஸ் கிராவ்ஸ், 650 அட்டோசெகண்ட் மின்னலைத் தனியாகப் பிரித்தெடுத்தார். மூவருக்கும் 2023ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுச் செய்தி வந்தபோது, சுவீடனில் லூலியே பாடம் நடத்திக் கொண்டிருந்தார். போனில் பேசிவிட்டு, மறுபடியும் வகுப்புக்கே போய்விட்டார்!

வேலி தாண்டாத ஆட்டுக்குட்டி

இனிதான் சண்டை ஆரம்பம். பட்டிக்குள் அடைத்த ஆட்டுக்குட்டி, வேலியைத் தாண்டாமல், ஓட்டை போடாமல், திடீரென வெளியே நின்றால் எப்படி இருக்கும்? எலக்ட்ரான் அதைத்தான் செய்கிறது! அணுவுக்குள் அதை அடைத்து வைத்திருக்கும் ‘சுவரை’ லேசர் மெலிதாக்கும்போது, எலக்ட்ரான் மறுபக்கம் வந்துவிடும். இதற்குச் ‘சுரங்கப் பாய்ச்சல்’ என்று பெயர்.

அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஹீலியம் அணுவைச் சோதித்த சூரிச் நகர விஞ்ஞானிகள், “நேரம் ஆகத்தான் செய்கிறது” என்று 2014ல் சொன்னார்கள். ஹைட்ரஜன் அணுவைச் சோதித்த ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகக் குழு, “நேரமே ஆவதில்லை. ஆனாலும் 1.8 அட்டோசெகண்டுக்கு மேல் இருக்காது” என்று 2019ல் சொன்னது. யார் சொல்வது சரி?

கம்ப்யூட்டரில் ஒரு பட்டிமன்றம்

2020ல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தது நினைவிருக்கிறதா? அந்த ஜூலை 1 முதல் 3 வரை, அட்டோசெகண்ட் விஞ்ஞானிகள் இணையத்தில் கூடினார்கள். ‘குவாண்டம் போர்கள்’ என்று பெயர் வைத்து, இளம் ஆய்வாளர்களை எதிரெதிரே வாதாட விட்டார்கள். நம் ஊர்ப் பட்டிமன்றமேதான்! அதில் ஒரு தலைப்பு, இந்தச் சுரங்கப் பாய்ச்சல்.

முடிவு கிடைத்ததா? ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஏன்? குன்னத்தூரிலிருந்து திருப்பூர் போக எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து கணக்குச் சொல்வார். இன்னொருவர் பஸ் புறப்பட்டதிலிருந்து சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எலக்ட்ரான் விஷயத்திலும், ‘நேரம்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் அருமை. வாதாடிய இளைஞர்களே ஒன்றாகச் சேர்ந்து கட்டுரை எழுதி, 2021ல் ஓர் ஐரோப்பிய இயற்பியல் இதழில் வெளியிட்டார்கள். எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே ஒத்துப்போகவில்லை என்று அலசினார்கள்.

உங்கள் வகுப்பிலும் அடுத்த வாரம் ஒரு பட்டிமன்றம் வையுங்களேன். ஒரே ஒரு நிபந்தனை. முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே பேனாவால் ஒரு பக்கம் எழுத வேண்டும். சம்மதமா?