ஏச்சு எதுவென்று இயந்திரம் அறியுமா?



முன்னொரு காலத்தில் ஒரு பெண்ணை ஏச நினைத்தவன் அவளது வீட்டு வாசலுக்கு வர வேண்டியிருந்தது. வாசலில் வாப்பா இருந்தார், நானா இருந்தார். ஏசியவன் யார், எவருடைய மகன் என்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தது. இன்றோ கைத்தொலைபேசியின் வழியே ஏச்சு படுக்கையறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. அனுப்பியவனின் பெயரும் படமும் பொய்யாக இருக்கலாம். ஆனால், அதை வாசிக்கும் பிள்ளையின் கண்ணீர் பொய்யல்ல.

இவ்வாறான ஏச்சுக்களையும் மிரட்டல்களையும் பிடிப்பதற்கென்று பேஸ்புக், இன்ஸ்டகிராம், யூடியூப், டிக்டொக் போன்றவற்றை நடத்தும் கம்பனிகள் ஓர் இயந்திரக் காவலாளியை நியமித்துள்ளன. செயற்கை நுண்ணறிவு என்று அதனைக் கூறுகின்றனர். "அதெல்லாம் கம்பனிக்காரன் பார்த்துக்கொள்வான்" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அந்தக் காவலாளிக்கு நமது மொழி தெரியுமா? அது எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்? இதை விளங்கிக்கொண்டால்தான் நமது பிள்ளைகளை நாம் பாதுகாக்க முடியும்.

மனிதர்கள் இல்லையா?

இந்த வேலையை ஏன் மனிதர்களிடம் ஒப்படைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். மனிதர்களும் இருக்கவே செய்கின்றனர். ஆனால், ஒவ்வொரு நாளும் வந்து குவியும் கோடிக்கணக்கான பதிவுகளை அவர்களால் வாசித்து முடிக்க இயலாது. அதுமட்டுமல்ல, நாள் முழுவதும் கொலையையும் ஆபாசத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவரின் மனமும் நோயுற்றுவிடுகிறது. அவ்வாறு பாதிக்கப்பட்ட அமெரிக்க ஊழியர்களுக்கு 5 கோடியே 20 இலட்சம் டொலர் வழங்க 2020 ஆம் ஆண்டு பேஸ்புக் இணங்கியது. ஆகவே, முதற்கட்ட வேலை இயந்திரத்திடமே விடப்பட்டுள்ளது.

அரிதட்டின் கண்கள்

இந்த இயந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது? முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான வசனங்களை எடுத்து, "இது ஏச்சு", "இது ஏச்சல்ல" என்று ஒவ்வொன்றாக அடையாளமிட்டுக் கொடுக்கின்றனர். குழந்தைக்கு நாம் "இது சுடும், தொடாதே" என்று பலமுறை காட்டிக் கொடுப்பது போலத்தான். பின்னர் புதியதொரு வசனம் வரும்போது, முன்னர் கண்டவற்றுடன் அதை ஒப்பிட்டு, அது ஏச்சாக இருப்பதற்கு எவ்வளவு சாத்தியம் உண்டு என்று இயந்திரம் புள்ளியிடுகிறது. குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டினால் பதிவு நீக்கப்படும், அல்லது ஒரு மனிதரின் பார்வைக்கு அனுப்பப்படும்.

அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கல். மா அரிக்கும் அரிதட்டை நினைத்துப் பாருங்கள். கண்கள் பெரிதானால் தவிடும் மாவோடு சேர்ந்து விழும். கண்கள் சிறிதானால் நல்ல மாவும் மேலேயே தங்கிவிடும். குறையே இல்லாத அரிதட்டு எங்கும் கிடையாது.

காட்டிக் கொடுத்த மொழியைத்தான் இயந்திரம் கற்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆங்கிலத்தில் அதற்குக் காட்டிக் கொடுக்க ஏராளம் இருந்தது. சிங்களத்திலும் தமிழிலும் வெகு காலமாக மிகச் சொற்பமே இருந்தது. யூடியூபில் வந்த ஆங்கிலம் கலந்த தமிழ்க் கருத்துகள் ஏறத்தாழ 44,000 ஐயும், டுவிட்டரில் வந்த சிங்களப் பதிவுகள் 10,000 ஐயும் ஆய்வாளர்கள் அடையாளமிட்டுத் தொகுத்து வெளியிட்டது இந்தச் சில வருடங்களுக்குள்தான். நல்லதொரு தொடக்கம், ஆனால் தொடக்கம் மட்டுமே.

2018 இல் நாம் கண்டது

மொழி தெரியாத காவலாளியால் என்ன நடக்கும் என்பதை இலங்கை முஸ்லிம்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2014 ஜூனில் அளுத்கம எரிந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், முஸ்லிம்களுக்கு எதிராக சிங்கள பேஸ்புக் குழுக்களில் பரவிய வெறுப்பைப் பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டு எச்சரித்தது. எச்சரிக்கை போதியளவு செவிமடுக்கப்படவில்லை.

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு வதந்தி கிளம்பியது. சாப்பாட்டில் இருந்தது வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிசெய்தது. அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் வீடுகள் எரிந்தன. முஸ்லிம்களைக் கொல்லத் தூண்டும் சிங்களப் பதிவுகள் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, அவை விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக்கிடமிருந்து பதில் வந்த செய்தியைச் சர்வதேசப் பத்திரிகைகள் வெளியிட்டன. இறுதியில் மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் சமூக வலைத்தளங்களையே முடக்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் அவை இயங்கவில்லை.

2020 மே மாதம், தான் நியமித்த சுயாதீன மதிப்பீட்டின் முடிவுகளை வெளியிட்ட பேஸ்புக், தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதால் விளைந்த பாதிப்புகளுக்காக மன்னிப்புக் கோரியது. சிங்களமும் தமிழும் தெரிந்தவர்களை வேலைக்கு அமர்த்தியதாகவும், சிங்கள வெறுப்புப் பேச்சைக் கண்டறிய இயந்திரத்தைப் பழக்கியதாகவும் தெரிவித்தது. மன்னிப்பு வந்தது நல்லதே. ஆனால், எரிந்த வீட்டுக்குரியவர்களுக்கு அது இரண்டு வருடம் தாமதமாகிப் போன மன்னிப்பு.

"தம்பி"யும் "ஷஹீத்"தும்

"அவ்வாறாயின் நமது மொழிகளை இயந்திரத்துக்கு நன்றாகப் பழக்கிவிட்டால் போதுமே" என்று தோன்றலாம். சொல்லைப் பழக்குவது சாத்தியம். சொல்லின் பின்னாலுள்ள எண்ணத்தைப் பழக்குவது அவ்வளவு எளிதல்ல.

"தம்பி" என்ற சொல்லையே எடுங்கள். தமிழில் அது பாசத்தோடு அழைக்கும் சொல். சிங்களத்தில் "தம்பியா" என்பது முஸ்லிம்களை இழிவுபடுத்தும் சொல். இரண்டையும் ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதும்போது, எது பாசம், எது பகை என்று இயந்திரம் எவ்வாறு பிரித்தறியும்?

மறுபக்கத்தையும் பாருங்கள். பேஸ்புக், இன்ஸ்டகிராம் ஆகியவற்றின் தாய்க் கம்பனியான மெட்டாவின் மேற்பார்வைச் சபை, 2024 மார்ச்சில் ஒரு கருத்துரை வழங்கியது. மெட்டாவின் தளங்களில் வேறெந்தச் சொல்லையும் விட "ஷஹீத்" என்ற சொல்லின் காரணமாகவே கூடுதலான பதிவுகள் நீக்கப்பட்டு வந்தன என்பது அதில் வெளியானது. விபத்தில் இறந்தவரையும் குண்டுவீச்சில் இறந்த குழந்தையையும் குறித்து அரபு மொழி பேசுவோர் இச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். நம் வீடுகளில் அது பிள்ளைக்கு இடும் பெயரும் கூட. அந்தக் கொள்கை அளவுக்கு மீறியது என்று சபை கூறியதன் பின்னர், அதனை மாற்ற மெட்டா இணங்கியது. ஏசியவன் தப்பிக்கொள்ள, துக்கம் பகிர்ந்தவர் தண்டிக்கப்படும் நிலை இதுதான்.

இன்னொன்றும் உண்டு. "நாளை எந்த வழியால் டியூஷனுக்குப் போகிறாய் என்று எனக்குத் தெரியும்." இவ்வசனத்தில் ஒரு தூஷண வார்த்தை கூட இல்லை. ஆனால், இதை வாசித்த பிள்ளை மறுநாள் வீட்டை விட்டு வெளியேறமாட்டாள். இந்த மிரட்டலை உம்மா ஒருவர் நொடியில் விளங்கிக்கொள்வார். இயந்திரம் கடந்து போய்விடலாம்.

மனிதர்களும் தவறுவதுண்டு. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், சிலாபத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி மிரட்டலாக விளங்கிக்கொள்ளப்பட்டு, பள்ளிவாசலும் கடைகளும் கல்லெறிக்கு உள்ளாகின. மொழியும் சூழலும் தெரியாத இடத்தில் அவசரம் எவ்வளவு ஆபத்தானது!

மொழி தேவைப்படாத வேலை

இதனால் இயந்திரம் பயனற்றது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மொழி தேவைப்படாத ஒரு வேலையை அது மிகத் திறமையாகச் செய்கிறது. அதுதான் படங்களை அடையாளம் காண்பது.

ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை, அப்படத்திலிருந்து கைரேகை போன்றதோர் இலக்கக் குறியீட்டை அவளது தொலைபேசியிலேயே உருவாக்குகிறது. படம் எங்கும் அனுப்பப்படுவதில்லை, எவரும் அதைப் பார்ப்பதுமில்லை. குறியீடு மட்டுமே இச்சேவையில் இணைந்துள்ள கம்பனிகளுக்குச் செல்கிறது. யாராவது அங்கு அப்படத்தைப் பதிவேற்ற முயன்றால் இயந்திரம் கண்டுகொள்ளும். இது 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. படம் எடுக்கப்பட்டபோது 18 வயதை அடையாதிருந்தவர்களுக்காக, டேக் இட் டவுன் என்ற சேவை 2023 இல் ஆரம்பிக்கப்பட்டது. இரண்டும் இலவசமானவை.

வட்ஸ்அப்புக்கு இது பொருந்தாது. அங்கு செய்திகள் பூட்டப்பட்டே செல்வதால், அனுப்பியவரையும் பெற்றவரையும் தவிர வேறெவரும் அவற்றை வாசிக்க முடியாது. குடும்பக் குழுவில் ஒரு பெண்ணின் படமோ அவதூறோ வந்தால் அதைத் தடுக்க அங்கே காவலாளி இல்லை. அதை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியது உங்கள் விரல்தான்.

ஏச்சு வந்தால் செய்ய வேண்டியவை

2025 ஜனவரியில் மெட்டா ஓர் அறிவிப்பை விடுத்தது. பயங்கரவாதம், சிறுவர் துஷ்பிரயோகம், மோசடி போன்ற பாரதூரமானவற்றைத் தேடுவதிலேயே தனது இயந்திரங்கள் கவனம் செலுத்தும் என்றும், ஏனையவற்றில் எவராவது முறைப்பாடு செய்த பின்னரே நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அது கூறியது. ஆகவே, நீங்கள் வாய் திறக்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

முதலில் ஆதாரத்தைச் சேமியுங்கள். ஏச்சையும் அனுப்பியவரின் கணக்குப் பெயரையும் திகதியையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, இணைப்பையும் குறித்து வையுங்கள். அழித்துவிட்டு அல்லது புளொக் செய்துவிட்டுத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

அதன் பின்னர் முறைப்பாடு செய்யுங்கள். மிரட்டலா, ஆள்மாறாட்டமா, அந்தரங்கப் படமா என்று சரியான காரணத்தைத் தெரிவு செய்யுங்கள். நூறு பேர் முறைப்பாடு செய்வதால் மட்டும் ஒரு பதிவு நீக்கப்படுவதில்லை. விதி மீறப்பட்டதா என்பதே பார்க்கப்படும். "விதியை மீறவில்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாமல் மறுபரிசீலனை கேளுங்கள்.

இன்ஸ்டகிராமில் நீங்கள் விரும்பாத சொற்களை நீங்களே பட்டியலிட்டு மறைக்கும் வசதி உண்டு. தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அச்சொற்கள் எழுதப்படும் விதங்கள் அனைத்தையும் அதில் சேருங்கள்.

மிரட்டல் தொடர்ந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கான இலக்கம் 1929 ஆகியவற்றை அழையுங்கள். இணையத்தில் பாதிக்கப்படும் பெண்களுக்கு உதவும் ஹிதவதி அமைப்பைத் தமிழிலும் தொடர்புகொள்ளலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் பொலிஸில் முறையிடத் தயங்காதீர்கள்.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை

மகளின் தொலைபேசிக்கு ஓர் அசிங்கமான செய்தி வந்தது தெரிந்தால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? தொலைபேசியைப் பறிப்போம். "நீ என்ன செய்தாய்?" என்று அவளையே கேட்போம். சில வீடுகளில் படிப்பும் நின்றுவிடும். இதற்குப் பயந்தே பிள்ளை உங்களிடம் சொல்லாமல் மறைக்கிறாள். மிரட்டுபவனின் பலமும் அதுவே. "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதுதான் அவனுடைய ஆயுதம். வீட்டில் ஏற்கெனவே தெரியும் என்றால் அந்த ஆயுதம் பயனற்றுப் போகும்.

"என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், உன்னை ஏசமாட்டேன்" என்று இன்றே மகளிடம் சொல்லி வையுங்கள். மகனிடமும் பேசுங்கள். பொய்ப் பெயரில் ஒரு பெண்ணை ஏசுபவனும் ஓர் உம்மாவின் பிள்ளைதான். அவன் எங்கோ இருக்கிறான் என்று எண்ணிக்கொள்ளாமல், நம் பிள்ளை என்ன எழுதுகிறான் என்பதையும் இடைக்கிடையே கேட்டுப் பாருங்கள்.

இயந்திரம் நாளுக்கு நாள் கற்றுக்கொள்ளும். நம் மொழிகளையும் ஒரு நாள் நன்றாக அறிந்துகொள்ளக் கூடும். அதுவரை காத்திருக்க நம் பிள்ளைகளால் முடியாது. அவர்களது முகம் வாடியிருப்பதைக் கண்டு, "என்ன மகள்?" என்று பக்கத்தில் அமர்ந்து கேட்பதை எந்த இயந்திரத்திடமும் ஒப்படைக்காதீர்கள்.