அழைப்பு வரும் வழி

தொலைபேசி எண் என்பது ஒரு முகவரியே. திருமங்கலத்து வீட்டுத் தொலைபேசியில் 0452 என்று சுழற்றினால், முதற்கண் உள்ள பூஜ்யம் அழைப்பு வெளியூருக்குரியது என அறிவிக்கிறது. 452 மதுரையைக் குறிக்கிறது. எஞ்சிய எண்கள் வீட்டைக் காட்டுகின்றன. முற்காலத்தில் இவ்விணைப்பை நிலையப் பணியாளரே கையால் செருகி அமைத்தனர். ஆளின் துணையின்றி வெளியூரை நேரே அழைக்கும் முறை, நம் நாட்டில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக ஏற்பட்டது.

கைப்பேசி எண்ணோ ஆள் இருக்கும் ஊரைச் சொல்வதில்லை. ஆதலின், அக்கருவி எப்பகுதியில் உள்ளதென்று நிறுவனத்தின் பதிவேட்டுக் கணினியிடம் கேட்டறிந்த பின்னரே அழைப்பு அங்குச் செல்கிறது.

இணையத்திலோ குரல் சிறு சிறு துணுக்குகளாகப் பகுக்கப்பட்டுச் செல்கிறது. அதனைக் கைப்பேசிக்குச் சேர்க்கும் வாயிற்கருவி ஒன்றுண்டு. அதனுள் பல சிம் அட்டைகள் இருக்கும். வந்த குரலை வாங்கி, அவற்றுள் ஒன்றின் வாயிலாகப் புதியதோர் அழைப்பை அது தொடுக்கிறது. எனவே நம் திரையில் தோன்றுவது பேசுபவரின் எண்ணன்று, அவ்வட்டையின் எண்ணே.

வெளிநாட்டு அழைப்பை உரிமமின்றி இவ்வாறு உள்ளூர் அழைப்பாக மாற்றுவது நம் நாட்டில் குற்றமாகும். வஞ்சகர் மறைந்துகொள்ளும் திரையும் இதுவே. விசாரணை வந்தால் முதலில் அகப்படுவது அட்டைக்குரியவரின் பெயர். சில நூறு ரூபாய்க்காக உங்கள் பெயரில் அட்டை வாங்கிப் பிறரிடம் கொடாதீர்கள் என்பதே நான் வற்புறுத்துவது. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தறியலாம். கையெழுத்தைக் காப்பதுபோல் எண்ணையும் காத்தல் கடன்.