துண்டுக்குள் பேசும் விரல்கள்

செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்றது சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை. அங்கே நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதை கேட்டால், மொச்சை போன்ற பளபளப்பான விதைகளை நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். வேலியில் படரும் கொடிதான். காயின் சுணை பட்டால் அரிப்பு உயிரை எடுத்துவிடும். 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் இந்த விதையிலிருந்து எல்-டோபா என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் அதற்கு என்ன வேலை என்று அன்று யாருக்கும் தெரியாது.

மூளையில் டோபமின் என்றொரு வேதிப்பொருள் தூது போகிறது. ஒரு நரம்பணுவின் நுனியிலிருந்து கிளம்பி, மில்லிமீட்டரில் சுமார் 50,000இல் ஒரு பங்கு இடைவெளியைக் கடந்து, அடுத்த அணுவின் ஏற்பியைத் தொடுகிறது.

பூட்டும் சாவியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு மாட்டுச் சந்தைதான் பொருத்தமாகப் படுகிறது. துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பிடித்ததும் சேதி போய்விடும், விரல் திரும்பிவிடும். டோபமினும் அப்படித்தான், ஏற்பி வழியாக அணுவுக்குள் நுழைவதில்லை. ஏற்பி என்பது அணுச்சவ்வை ஏழு முறை ஊடுருவி மடிந்த புரதம். நடுவே ஒரு குழி. டோபமினின் நைட்ரஜன் முனையில் நேர்மின்னூட்டம், குழியிலுள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தில் எதிர்மின்னூட்டம், இரண்டும் இழுத்துக்கொள்ளும். மறுமுனையின் இரண்டு ஹைட்ராக்சில்களை எதிர்ச்சுவரின் செரின்கள் பற்றுகின்றன. அந்தப் பிடியில் புரதம் லேசாக நெளிய, உட்பக்கம் திறந்து, சேதியை உள்ளே கடத்தும் ஜி-புரதம் விழித்துக்கொள்கிறது. எல்லாம் இறுகிவிடாத பிணைப்புகள், அதனால்தான் கழல முடிகிறது. கழலாவிட்டால் அடுத்த சேதிக்கு இடமேது?

டி1 வகை ஏற்பியுள்ள அணுவை டோபமின் தூண்டும், டி2 வகை உள்ளதை அடக்கும். முன்னது அசைவுக்கு வழிவிடும் கூட்டம், பின்னது தடுக்கும் கூட்டம். தூண்டலும் அடக்கலும் சேர்ந்துதான் நாம் ஒரு அடி எடுத்து வைக்கிறோம். இதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீர்வதில்லை.

பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்தில் டோபமினை அனுப்பும் அணுக்கள் மடிகின்றன. ஏற்பிகள் இருக்கின்றன, தொடத்தான் ஆளில்லை. டோபமினையே ஊசியில் போட்டால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டாது. எல்-டோபா தாண்டும்; உள்ளே ஒரு நொதி அதை டோபமினாக்கும். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, விறைத்துக் கிடந்தவர்களை நடமாட வைத்தார்.

இன்றைய மாத்திரையிலும் அதே எல்-டோபாதான், வழியில் வீணாகாமல் காக்கும் கார்பிடோபாவுடன். விதையிலோ அளவு கொடிக்குக் கொடி மாறும். மாத்திரை சாப்பிடும் பெரியவர் விதைப் பொடியையும் சேர்த்துக்கொண்டால், ஏற்பிகள் அளவு மீறித் தூண்டப்பட்டு கைகால் தானாக நெளியத் தொடங்கலாம். பொட்டலம் வாங்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.