சளி மாத்திரையும் தண்ணீரின் ஆழமும்

மொரப்பூர் வட்டார மாணவர்கள் பலருக்கு விவசாயக் கிணறுதான் நீச்சல் குளம். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆனாலும், புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கருவியுடன் கடலில் இறங்குவோர் முன்னதாக நிரப்பும் உடல்நலப் படிவத்தில் உள்ள ஒரு கேள்வி நம் மாணவர்களுக்கும் பொருந்தும்: 'தற்போது என்ன மருந்து உட்கொள்கிறீர்கள்?'

அழுத்தம் செய்யும் வேலை

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் மொத்த அழுத்தம் இரு மடங்காகும். பாயில் விதிப்படி காற்றின் கன அளவு பாதியாகக் குறையும். நடுச்செவியில் உள்ள காற்றுக்கும் இதே நிலைதான். தொண்டையிலிருந்து காதுக்குச் செல்லும் குழல் வழியே காற்று சென்றால் அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழல் அடைபடும். சில மீட்டர் ஆழத்திலேயே காது வலிக்கும், செவிப்பறை கிழியவும் கூடும்.

மூக்கடைப்பு நீக்கும் மருந்து அடைப்பைத் தற்காலிகமாகவே திறக்கிறது. ஸ்கூபா வீரர் ஆழத்தில் இருக்கும்போது அதன் வேகம் தணிந்தால், மேலே வரும்போது விரியும் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளும். கடும் வலியும் தலைச்சுற்றலும் ஏற்படும்.

தூக்கம் தரும் மருந்துகள்

சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் குளோர்பெனிரமின், பேருந்துப் பயண வாந்திக்கு எடுக்கும் புரோமெத்தசின் ஆகியவை தூக்கத்தைத் தருபவை. வகுப்பறையில் அதன் விளைவு ஒரு கொட்டாவி. நீரில் அது கவனக்குறைவு, தாமதமான முடிவு. கடலில் சுமார் 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜனும் மயக்க உணர்வைத் தருவதால் ஆபத்து இன்னும் கூடும்.

நோயையும் பார்க்க வேண்டும்

சில நேரங்களில் ஆபத்து மருந்தில் இல்லை. அது எந்த நோய்க்காகத் தரப்படுகிறது என்பதில் உள்ளது. வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தை ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டாலும் வலிப்பு வரலாம். கிணற்றில் வந்தால் காப்பாற்ற அவகாசம் இராது. இன்சுலின் போடும் குழந்தைக்கு நீந்தும்போது சர்க்கரை அளவு தாழலாம். 'நீந்துவதற்காக மருந்தை நிறுத்து' என்று எவரும் சொல்லக் கூடாது. நீந்தலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

வகுப்பில் செய்ய

ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, தண்டை அழுத்தச் செய்யுங்கள். காற்று சுருங்குவதையும், விட்டதும் விரிவதையும் மாணவர்கள் கையிலேயே உணர்வர். 9ஆம் வகுப்பின் பாய்மங்கள் பாடத்திற்கும் 10ஆம் வகுப்பின் பாயில் விதிக்கும் இது பொருந்தும்.

விடுமுறைக்கு முன் மூன்று செய்திகளைச் சொல்லி அனுப்புவோம்: சளி இருந்தால் மூழ்காதே, தூக்கம் தரும் மாத்திரை போட்டால் நீரில் இறங்காதே, நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் கிணற்றுக்குப் போகாதே. தொடர் மருந்து எடுக்கும் மாணவரின் பெற்றோரிடம் தனியே பேசுவோம். சுற்றுலா ஒப்புதல் கடிதத்தில் மருந்து விவரத்திற்கும் ஒரு வரி சேர்ப்போம்.